நகைக்கு இலக்கானோர்

அங்கதம் இருவகைப்படும் என்பது செய்யுளியல் கற்ற மாணவர் எவரும் அறிந்தது. பழியை வெளிப்படச் சொல்வது செம்பொருள் அங்கதம். சொல்லுக்குள்ளே கரந்து சொல்வது பழிகரப்பு அங்கதம். தொல்காப்பியர் வகுத்த இவ்வகுப்பை எங்கள் கல்லூரியின் பண்டித வகுப்புக்கு யான் ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். உதாரணத்துக்குக் காளமேகப் புலவர் கைகொடுப்பார். வசைப்பாட்டு இரண்டைச் சொன்னால் வகுப்பு நகைக்கும். அதற்குள் மணி அடித்துவிடும். அங்கதம் அவ்வளவிலே முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வகுப்பினுள் நுழைந்தேன். கரும்பலகையிலே எனக்கு முன்னரே யான் வந்து நின்றேன். சால்வையின் ஒரு தலைப்பு நிலத்தைக் கூட்டுகிறது. மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் ஊசலாடுகிறது. வயிறு எனக்கு இரண்டடி முன்னே நடக்கிறது. கையிலே நன்னூல், அதுவும் தலைகீழாக. வரைந்தவன் கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது செம்பொருளா, பழிகரப்பா என்று ஆராயும் பொறுமை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. அம்மாணவனைப் பாடம் முடியும்வரை வெளியிலே நிறுத்தினேன். அவன் தந்தையாருக்குக் கடிதமும் எழுதினேன். அவனைப்பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. அது பின்னர்.

இலண்டனில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது பெரிய நூலொன்றைக் கொணர்ந்து தந்தார். 18ஆம் நூற்றாண்டின் கடைக்கூறு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தில் அச்சாகிய அரசியற் கேலிச்சித்திரங்கள் அந்நூலிலே நிறைந்திருந்தன. மூலப்படிகள் பலவற்றை அவர் பிரித்தானிய நூதனசாலையிலே நேரிற் பார்த்தவர். "ஐயா, உங்கட காளமேகத்துக்கு அண்ணன்மார் அங்கையும் இருந்திருக்கினம்" என்றார். அவர் திரும்பிப் போனபின் அந்நூலோடு பல வாரங்கள் கழித்தேன்.

நூலை விரித்ததும் எனக்கு உண்டான முதல் உணர்ச்சி அருவருப்பே. உண்மையை மறைப்பானேன்? அரசர், இளவரசர், மந்திரிமார் எல்லாரும் அங்கே உண்பதும் குடிப்பதும் உருளுவதும், சபையிலே சொல்லத்தகாத பிறவும் செய்கின்றார்கள். பிந்திய ஏடுகளுக்குப் போகப் போகக் கோடு திருந்துகின்றது. ஆடை ஒழுங்காகின்றது. முகங்கள் கண்ணியம் பெறுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காட்டாறாகக் கிடந்த கேலிச்சித்திரம் நடுப்பகுதியிலே கரைகட்டிய வாய்க்காலாயிற்று, அது நாகரிகத்தின் வளர்ச்சி என்று ஆங்கிலம் கற்றோர் பலர் சொல்வதுண்டு. யானும் முதலில் அவ்வாறே கருதினேன். இப்பொழுது அவ்வாறு கருதவில்லை. அதற்குரிய நியாயத்தைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

முதலில் ஜேம்ஸ் கில்றே. பிறந்தது 1756. இலண்டனிலே செயின்ற் ஜேம்ஸ் வீதியில் ஹன்னா ஹம்பிரி என்னும் பெண்மணி ஒரு சித்திரக்கடை வைத்திருந்தார். கடை கீழே, கில்றே வாழ்ந்ததும் வேலை செய்ததும் மேலே. செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியாற் கீறி வரைவர். பின்னர் அமிலத்தை விட்டால் ஊசி கீறிய வழியே செம்பு அரிக்கப்படும். அந்தப் பள்ளத்திலே மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பர். தாளிலே எல்லாம் இடம் வலமாக மாறி வரும். ஆதலால் எழுத்துக்களைத் தகட்டிலே திருப்பி எழுதவேண்டும். கில்றேயின் சித்திரங்களிலே எழுத்து மிகுதி. அத்தனையும் திருப்பி எழுதிய எழுத்து என்பதை நினைக்கையில், ஒற்றுப்பிழை இன்றி நேரே எழுதமாட்டாத என் மாணவர் நினைவுக்கு வருகின்றனர்.

அச்சான தாளுக்கு ஒவ்வொன்றாகக் கையினால் நிறம் தீட்டி விற்றனர். ஒரு சிலிங், இரண்டு சிலிங் என்பது விலை. கூலியாட்கள் வாங்கும் விலை அன்று. ஆனால் கடையின் கண்ணாடிச் சாளரத்திலே புதிய சித்திரங்களைத் தொங்கவிடுவர். அதைப் பார்ப்பதற்குக் காசு வேண்டா. பிரபுவும் வண்டிக்காரனும் ஒரே தெருவில் நின்று ஒரே மந்திரியைப் பார்த்துச் சிரித்தனர். 1808இல் கில்றே அந்தச் சாளரத்தையே ஒரு சித்திரமாக்கினார். பனி உறைந்த தெருவிலே ஒரு பெரியவர் வழுக்கி விழுகிறார். பின்னாலே சாளரத்தை மொய்த்து நிற்பவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்தவரைவிடத் தொங்குபவர்கள் சுவையானவர்கள் போலும்.

அவருடைய சித்திரங்களுள் உலகறிந்தது 1805ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிவந்தது. ஒரு மேசை. மேசையிலே ஆவி பறக்கும் பெரிய புடிங். அந்தப் புடிங்தான் பூகோளம். ஒரு பக்கத்தில் பிரதம மந்திரி வில்லியம் பிட், ஒட்டடைக் கம்புபோல நெடியவர், மெலிந்தவர். மறுபக்கத்தில் நெப்போலியன், நாற்காலியிலிருந்து எழுந்து எட்டினாற்றான் தட்டுக்குக் கை எட்டும் குள்ளர். பிட் கடலை வெட்டி எடுக்கிறார். நெப்போலியன் ஐரோப்பாவை வெட்டுகிறார். இருவர் கண்ணிலும் ஒரே பசி. தம் நாட்டு மந்திரியையும் பகைநாட்டு மன்னரையும் ஒரே பந்தியிலே இருத்திய நடுவுநிலையை யான் வியக்கின்றேன். சித்திரத்திலே எங்கள் தீவு தெரியவில்லை. ஆயினும் இதே பிட் முதன்முறை பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், 1796இல், ஒல்லாந்தர் கையிலிருந்த இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயரின் தட்டுக்கு வந்துவிட்டது.

நெப்போலியன் உண்மையிற் குள்ளர் அல்லர். அக்காலத்து ஆண்களின் நடுத்தர உயரம் அவருக்கு இருந்தது. இன்றும் உலகத்தார் பலர் அவரைக் குள்ளர் என்றே எண்ணுவது பெரும்பாலும் கில்றேயின் ஊசி செய்த வேலை. படை வெல்லாத இடத்தையும் நகை வெல்லும்.

இவ்வளவு சொன்னதால் கில்றேயை யான் வீரராக்குவதாக எண்ணவேண்டா. 1797 தொடக்கம் சில காலம் அவர் அரசாங்கத் தரப்பிலிருந்து ஆண்டுக்கு 200 பவுண் ஊதியம் பெற்றார். அக்காலத்திலே எதிர்க்கட்சித் தலைவராகிய பொக்ஸ் என்பவரை அவர் வரைந்த வரைவு, வாங்கிய கூலிக்கு வஞ்சகம் செய்யாத வரைவு. இறுதியிலே கண் மங்கிற்று. பின்னர் அறிவும் மங்கிற்று. ஹம்பிரி அம்மையாரே அவரைப் பேணினார். 1815 யூன் முதலாம் நாள் இறந்தார். அவர் குள்ளராக்கிய மனிதர் வாட்டர்லூவிலே தோற்றது அதன்பின் பதினேழாம் நாள்.

இனி 1819ஆம் ஆண்டு. இந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே என் வழக்குக்குப் போதும்.

ஜோர்ஜ் குறூக்சாங்க் என்னும் சித்திரக்காரருக்கு அப்பொழுது வயது இருபத்தாறு. அவருக்குத் துணை வில்லியம் ஹோன் என்னும் ஏழைப் புத்தக வியாபாரி. இந்த ஹோன் சாதாரணர் அல்லர். திருச்சபையின் வினாவிடையையும் வழிபாட்டு வாசகங்களையும் போலவே அமைத்து மந்திரிமாரைக் கேலி செய்தமைக்காக 1817 டிசெம்பரில் அடுத்தடுத்து மூன்று நாள் மூன்று வழக்குகளில் நிறுத்தப்பட்டவர். நியாயவாதி வைக்கப் பணமில்லை. தாமே மணிக்கணக்காக வாதாடினார். வேத வாசகத்தைத் தழுவிக் கேலி செய்தவன் யான் மட்டுமா என்று பழைய நூல்களை அடுக்கினார். அரசாங்கத்தின் ஊதியம் பெற்ற கில்றேயின் சித்திரங்களையும் எடுத்துக் காட்டினார். முதல்நாள் விடுதலை. இரண்டாம் நாள் பிரதம நீதியரசராகிய எலன்பறோ பிரபு தாமே ஆசனத்தில் வந்தமர்ந்தார். அன்றும் விடுதலை. மூன்றாம் நாளும் விடுதலை. நீதிமன்றத்திலே சிரிப்பை அடக்கமுடியவில்லை. யூரர் சிரித்துவிட்டால் பின்னர் தண்டிப்பது எங்ஙனம்?

அக்காலத்து இங்கிலாந்து வங்கி ஒரு பவுண், இரண்டு பவுண் தாள்களை வெளியிட்டிருந்தது. பிரெஞ்சு யுத்தத்தின் நெருக்கடியில், 1797இல், தாளுக்குப் பொன் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அதன் விளைவு அத்தாள்கள். நாணயத்தையன்றித் தாட்பணம் அறியாத ஏழைகளின் கைக்குத் தாள் வந்தது. அத்தாளோ எவரும் எளிதிலே போலி செய்யத்தக்க எளிய அச்சு. போலித்தாளை வைத்திருந்தால் 14 ஆண்டு நாடுகடத்தல். மாற்றினால் தூக்கு. 1797 தொடக்கம் 1821 வரை இவ்வகைக் குற்றங்களுக்காகத் தூக்கிலிடப்பட்டோர் 300 பேருக்கு மேல். எழுத்தறியாத பெண்கள் பலர் அவ்வழக்குகளிலே அகப்பட்டனர். இலண்டன் தெருவிலே சிறைச்சாலையின் முன்னால் பெண்களும் தொங்குவதைத் தம் கண்ணாற் கண்டதாகக் குறூக்சாங்க் பிற்காலத்தில் எழுதினார்.

கண்டவர் வீட்டுக்குப் போய் ஒரு வங்கித்தாளை வரைந்தார். 1819 சனவரியிலே ஹோன் அதை வெளியிட்டார். பார்வைக்கு வங்கித்தாளேதான். அருகே கொண்டுபோனாற் பயங்கரம். வரிசையாக ஆண்களும் பெண்களும் கயிற்றிலே தொங்குகின்றனர். பவுண் குறியீடு இருக்கவேண்டிய இடத்திலே ஒரு கயிறு சுருண்டு அந்த எழுத்தாகிக் கிடக்கிறது. பிரித்தானிய மாதா அமர்ந்திருக்கவேண்டிய முத்திரையிலே அம்மாதா தன் குழந்தையைத் தின்றுகொண்டிருக்கிறாள். கீழே வங்கி அதிகாரியின் ஒப்பத்துக்குப் பதிலாகத் தூக்குக்காரனின் ஒப்பம். கடை வாயிலிலே சனம் திரண்டு தெரு அடைபட்டது.

பழிகரப்பு என்றால் இதுவன்றோ பழிகரப்பு! ஏழையைத் தூக்கிலிட்டது போலித்தாள். வங்கியைத் தூக்கிலிட்டதும் ஒரு போலித்தாள். பல்லாண்டு அங்கதம் கற்பித்த யான் இத்தாளைப் பார்த்தபின்னரே அங்கதத்தைக் கற்றேன் என்று சொல்லக் கூசவில்லை. இதைப் பார்த்து எவர் சிரிப்பார் என்று கேட்கலாம். சிரிப்பு வாய்வரை வந்து அங்கே உறைந்துவிடும். நகை பிறக்கும் நிலைக்களங்களை எண்ணியவர் எள்ளலை முதலில் வைத்தது ஏன் என்பது அப்பொழுது விளங்கும்.

1821இல் வங்கி மீண்டும் பொன் கொடுக்கத் தொடங்கிற்று. சிறுதாள்களும் மீளப் பெறப்பட்டன. தம் சித்திரத்தாலேயே இது நடந்தது என்று முதுமையிற் குறூக்சாங்க் உரிமை கொண்டாடினார். அது கிழவர் பேச்சு. பொருளாதாரக் காரணங்கள் வேறு பல இருந்தன. ஆனால் வங்கி நாணும்படி ஒரு காரியம் செய்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டு ஓகஸ்ட் 16இல் மான்செஸ்ரர் நகரின் செயின்ற் பீற்றர் வெளியிலே பாராளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு அறுபதினாயிரம் பேரளவிற் கூடினர். குதிரைப்படை வாளோடு புகுந்தது. மாண்டோர் பதினெண்மரளவில், காயம்பட்டோர் பல நூற்றுவர். பெண்களும் குழந்தைகளும் அடக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முந்திய வாட்டர்லூ வெற்றியைக் குத்திக்காட்டிப் 'பீற்றர்லூ' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பெயரே ஓர் அங்கதம். டிசெம்பரில் ஹோனும் குறூக்சாங்கும் ஒரு சிறுநூலை வெளியிட்டனர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் ஒரு குழந்தைப் பாட்டின் அமைப்பிலே அரசர் முதல் கப்பம் தின்னும் பூச்சிகள் ஈறாக எல்லாரையும் அடுக்கிய நூல் அது. அப்பூச்சிகளுக்கு நஞ்சு எது என்பதற்கு அங்கே வரையப்பட்டிருப்பது ஓர் அச்சு இயந்திரம். சித்திரங்கள் மரக்கட்டையிற் செதுக்கப்பட்டமையால் எழுத்தோடு சேர்த்தே அச்சிட முடிந்தது. அதனால் மலிவு. ஒரு இலட்சம் பிரதிகளளவில் விற்றது.

அதிலே அரசப் பிரதிநிதியாக ஆண்ட இளவரசர் வருகிறார். கச்சை கட்டிய பெருவயிறு, சுருட்டிவிட்ட பொய்ம்மயிர், மார்பு நிறையப் பதக்கம். உடலைப் பழிப்பது தகுமா என்று என்னை ஒருவர் கேட்டார். யான் கரும்பலகையிலே நின்றவன் ஆதலால் அக்கேள்வி எனக்கு அந்நியமன்று. இந்த இளவரசருக்கு 1795இலே ஆறு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடன் இருந்தது. அதைத் தீர்க்கப் பாராளுமன்றம் வழிசெய்யவேண்டியதாயிற்று. அந்த வயிறு குடிகளின் பணத்தில் வளர்ந்த வயிறு. வளர்த்தவர்களுக்கு அதைப் பார்த்து நகைக்க உரிமை உண்டு.

1820இல் அவர் நாலாம் ஜோர்ஜ் அரசரானார். அவ்வாண்டு யூன் மாதம் குறூக்சாங்குக்கு 100 பவுண் கொடுக்கப்பட்டது. மாட்சிமை தங்கிய மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்பது நிபந்தனை. பற்றுச்சீட்டு அரசவை ஆவணங்களிலே இருக்கிறது. காசை வாங்கிய சில வாரங்களில், அரசர் தம் மனைவியை விலக்க முயன்ற வழக்கைப் பற்றி ஹோனோடு சேர்ந்து இன்னொரு சிறுநூல் செய்தார். அதிலே மன்னர் குடிமயக்கத்திலே நாற்காலியிற் சரிந்து கிடக்கிறார். குடி ஒழுக்கக்கேட்டில் அடங்காது என்று கருதினார் போலும். இலக்கணக்காரர் இவ்வளவு நுட்பமாக விதிவிலக்குத் தேடமாட்டார்.

இதுவரை படித்தவர்கள் குறூக்சாங்கைக் கொண்டாடத் தொடங்கியிருப்பீர்கள். யானும் அப்படியேதான் கொண்டாடிக்கொண்டு அந்த நூலின் அடுத்த ஏட்டைத் திருப்பினேன்.

1819 யூலை. வங்கித்தாளுக்கு ஆறு மாதம் பின். பீற்றர்லூவுக்கு ஒரு மாதம் முன். அதே குறூக்சாங்க். ஒரு விருந்துமண்டபம். அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்போசும் அவர் நண்பர்களும் கறுப்பு மக்களோடு ஒரே பந்தியில் இருக்கின்றனர். அந்தக் கறுப்பு மக்களை வரைந்திருக்கும் விதத்தை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. குடித்து வெறித்து, ஒருவரையொருவர் அடித்து, மனிதர் என்று சொல்லத்தகாத உருவிலே நிறுத்தியிருக்கிறார். அவர்களோடு உண்ண இருந்ததே வில்பர்போசின் குற்றம். அடிமைகளை ஏற்றிச்செல்லும் வியாபாரத்தை ஆங்கிலப் பாராளுமன்றம் 1807இலே தடுத்துவிட்டது. அடிமைத்தனமோ குடியேற்ற நாடுகளிலே அப்பொழுதும் இருந்தது. அதை ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆயிற்று. தூக்குக் கயிற்றிலே தொங்கிய ஏழைப் பெண்ணுக்காகத் துடித்த அதே விரல், விலங்கிலே கிடந்த மனிதனைக் கண்டு சிரித்தது.

அன்று இரவு அந்நூலை மூடி வைத்துவிட்டேன். நல்ல சித்திரக்காரர் இன்னார், தீய சித்திரக்காரர் இன்னார் என்று வகுக்கலாம் என்றிருந்த என் எண்ணம் அன்றோடு போயிற்று. ஆளை வகுக்க முடியாது. ஒவ்வொரு சித்திரமாக எடுத்து, இங்கே நகைக்கப்படுபவர் நகைப்பவருக்கு மேலே நிற்கின்றாரா, கீழே கிடக்கின்றாரா என்று கேட்கவேண்டியதுதான். செம்பொருள், பழிகரப்பு என்னும் பகுப்பு எப்படிப் பழிப்பது என்பதற்கு. எவரைப் பழிப்பது என்பதற்கு நூற்பா இல்லை.

இனிக் கண்ணியத்தின் காலத்துக்கு வருவோம். இடையிலே எச்.பி. என்னும் முத்திரையோடு 1829 தொடக்கம் இருபது ஆண்டுக்கு மேலாகக் கற்பாள அச்சிலே மந்திரிமாரை வரைந்த ஜோன் டொயில் ஒருவர் உண்டு. அவர் சித்திரத்தைப் பார்த்து மந்திரிமார் தாமே மகிழ்ந்திருப்பர். அவரை இவ்வளவில் விடலாம்.

'பஞ்ச்' என்னும் வாரப் பத்திரிகை 1841 யூலையிலே மூன்று பென்ஸ் விலைக்குத் தொடங்கிற்று. தொடக்கம் நல்ல தொடக்கம். 1843இலே புதிய பாராளுமன்ற மண்டபத்துச் சுவரோவியங்களுக்கான மாதிரி வரைவுகளை வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்திலே காட்சிக்கு வைத்தனர். அவ்வகை வரைவுக்குப் பெயர் காட்டூன். கந்தல் உடுத்த ஏழைகள், ஊன்றுகோலோடு முடவர், பசித்த குழந்தைகள் ஆடம்பரப் படங்களை அண்ணாந்து பார்க்கும் காட்சியை ஜோன் லீச் என்பவர் பஞ்சிலே வரைந்தார். அதன் தலையிலே 'காட்டூன், இலக்கம் 1' என்று போட்டனர். கேலிச்சித்திரத்துக்கு அப்பெயர் வந்தது அன்றுதான். இன்று உலகமெங்கும், எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வழங்கும் அச்சொல் ஏழைகளுக்காகப் பிறந்த சொல் என்பதை அறிந்தபோது மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி ஆறு ஆண்டு நீடித்தது. அதாவது அந்த நூலின் பத்து ஏடு. 1845இலே அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். 1849 பெப்ரவரியிலே பஞ்சில் ஒரு சித்திரம். நேர்மையான ஆங்கிலத் தொழிலாளி ஒருவன் கூனிக்குறுகி நடக்கிறான். அவன் தோளிலே, சிந்துபாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்ட கிழவனைப்போல, ஓர் அயர்லாந்துக்காரன் சவாரி செய்கிறான். பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். அவன் முதுகிலே 50,000 பவுண் என்று எழுதிய மூட்டை. பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்த பணம் அது. வரைந்தவர் எவர்? முடவரையும் கந்தல் உடுத்தோரையும் வரைந்த அதே லீச்.

இதிலே ஆபாசம் ஒன்றுமில்லை. ஒரு கெட்ட சொல் இல்லை. குடும்பத்தோடு பார்க்கலாம். கோடு அழகான கோடு. பசியால் இறந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டைப் பார்த்து, 'இவன் என் தோளில் ஏறிச் சுகிக்கிறான்' என்று ஆங்கிலக் குடும்பங்கள் காலை உணவோடு சிரித்தன.

1850இல் இரண்டு நிகழ்ச்சிகள். ரிச்சட் டொயில் என்பவர் பஞ்சின் புகழ்பெற்ற அட்டையை வரைந்தவர். மேலே சொன்ன எச்.பி.யின் மகன், கத்தோலிக்கர். பாப்பரசரையும் கத்தோலிக்க சமயத்தையும் பஞ்ச் ஓயாது தாக்கியபோது அவர் வேலையை விட்டு விலகினார். நல்ல சம்பளத்தை விட்டு விலகிய அவரைப்பற்றி நூல்கள் ஒரு வரியிலே சொல்லிப் போகின்றன. யான் இரண்டு வரி சொல்ல விரும்புகின்றேன். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜோன் ரெனியல்.

ரெனியல் ஐம்பது ஆண்டு வரைந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெருஞ்சித்திரங்கள். புதன்கிழமைதோறும் பஞ்சின் ஆசிரியர் குழு ஒரு மேசையைச் சுற்றி விருந்துண்டு அவ்வாரச் சித்திரத்தின் பொருளை முடிவுசெய்யும். ரெனியல் அதை மரக்கட்டையில் வரைந்து கொடுப்பார். சுவெயின் என்பவரின் தொழிலகத்தில் இரவோடிரவாகச் செதுக்குவர். இளமையில் நேர்ந்த ஒரு விபத்தாலே ஒரு கண் பார்வை இழந்தவர். வரைவது பெரும்பாலும் நினைவிலிருந்து. அந்த ஆற்றலை யான் வணங்குகின்றேன். 1890இலே புதிய ஜேர்மன் சக்கரவர்த்தி பிஸ்மார்க்கைப் பதவி நீக்கியபோது, கப்பலின் ஏணிவழியே வயது முதிர்ந்த மாலுமி தனியே இறங்கிச் செல்வதாக அவர் வரைந்த சித்திரத்துக்கு நிகரானது மிகச் சில. அதிலே நகையே இல்லை. ஒரு பெருமூச்சு இருக்கிறது.

ஆனால் 1857இலே இந்தியாவில் எழுச்சி நிகழ்ந்தபோது பிரித்தானியச் சிங்கம் வங்காளப் புலியின்மேற் பாய்வதாக வரைந்தாரே, அது அங்கதம் அன்று, போர்ப்பறை. 1882 மே மாதம் டப்ளின் நகரிலே இரண்டு உயர் அதிகாரிகள் கொல்லப்பட்டனர். கொலை கொலைதான், கண்டிக்கத்தக்கது. ரெனியல் வரைந்தது கொலையாளிகளை அன்று. கத்தியிலே குருதி சொட்ட நிற்கும் ஓர் அரக்கனை வரைந்து அயர்லாந்து இயக்கத்தின் முகமாக அதைக் காட்டினார். அக்காலத்துப் பஞ்சிலே அயர்லாந்துக்காரரின் தாடை குரங்கின் தாடை. இளவரசரின் வயிறு அவர் உண்டு வளர்த்தது. அந்தத் தாடை இவர்களுக்கு எவர் கொடுத்தது? பென்சில் கொடுத்தது.

1893இலே ரெனியலுக்கு 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது. ஒருவருக்கு அரசர் வாயடைக்க 100 பவுண் கொடுத்தார். மற்றவருக்கு அரசியார் பட்டம் கொடுத்தார். இரண்டிலும் எது கேலிச்சித்திரக்காரருக்குப் பெருமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் நண்பராகிய ஆங்கில ஆசிரியர் இதனை ஒப்பமாட்டார். "தெருச்சாளரத்திலே தொங்கிய சித்திரம் வீட்டு மேசைக்கு வந்தால் கைகால் கழுவிக்கொண்டுதான் வரவேண்டும்" என்பது அவர் வாதம். வாக்குரிமை விரிந்தது, பத்திரிகை பெருகிற்று, தெருக்கூட்டத்தின் சிரிப்புக்கு இருந்த வேலை வாக்குச்சீட்டுக்குப் போயிற்று என்றும் சொல்வார். அவ்வாதத்தை யான் ஒதுக்கவில்லை. கழுவட்டும். ஆனால் கழுவிய கை மேலே நீளாமல், எட்டக்கூடிய இடமாகப் பார்த்துக் கீழேயே நீண்டது என்பதே என் குறை. மேலே இருப்பவர்களோடு ஒரே மேசையில் உண்ணத் தொடங்கியவருக்குக் கீழே இருப்பவர்களே நகைப்புக்கு மிஞ்சுவர். கில்றே வாங்கிய ஊதியத்தின் கணக்கு 200 பவுண் என்று நமக்குத் தெரிகிறது. அந்த விருந்து மேசையிலே வாங்கியதற்குக் கணக்கு இல்லை.

என் மாணவனைப்பற்றிப் பின்னர் சொல்வதாகச் சொன்னேன்.

என்னை வரைந்ததற்குச் சில வாரங்கள் முன்பு அவன் அதே கரும்பலகையிலே எங்கள் கல்லூரிக் காவற்காரரை வரைந்திருந்தான். இளம்பிள்ளைவாதத்தாலே ஒரு கால் சூம்பியவர் அவர். மணியடிக்கக் கோலோடு சாய்ந்து சாய்ந்து போவார். அந்தச் சாய்வை ஒரே கோட்டிலே பிடித்திருந்தான். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. யானும் புன்னகைத்தேன். "உனக்கு நல்ல கை வாய்த்திருக்கிறது, தம்பி" என்றுஞ் சொன்னேன். கடிதம் எழுதவில்லை. வெளியிலே நிறுத்தவுமில்லை. என் பாராட்டு தந்த ஊக்கத்திலேயே அவன் பின்னர் என்னையும் வரைந்திருக்கவேண்டும்.

அன்று எழுதுவதற்கு வேறொன்றும் இல்லாமையால் அச்சித்திரம் பள்ளி விடும்வரை பலகையிலே இருந்தது. மாலையிலே வகுப்பறைகளைப் பூட்டுமுன் பலகைகளைத் துடைப்பது காவற்காரர் வேலை. யான் சுவடிகளை அடுக்கிக்கொண்டு அங்கேயே இருந்தேன். அவர் வந்தார். சிறிது நேரம் பார்த்தார். துணியை நனைத்து, மேலிருந்து கீழாக, வழமைபோலத் துடைத்தார். "ஐயா, சாளரத்தைச் சாத்தட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.